நான் சேர்த்த பதினோரு வரிகள்

வேறொருவர் எழுதிய கதைக்கு, அவரைக் கேட்காமல், நான் முடிவு எழுதினேன். அதை அவர் பெயரிலேயே அச்சிட்டேன். வயதையோ மறதியையோ காரணம் சொல்ல மாட்டேன். நல்ல நினைவோடு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சிவப்பு மையில் செய்தேன். செய்துவிட்டு காபி கேட்டு வாங்கிக் குடித்தேன்.

இதை எழுத வேண்டாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஒருத்தி என் மகள். "எல்லாரும் மறந்தாச்சுப்பா, நீங்க ஏன் கிளர்றீங்க" என்றாள். இன்னொருவர் எங்கள் தமிழ் மன்றத்தின் செயலாளர். அவர் சொன்ன காரணம் பின்னால் வரும். இருவர் பேச்சையும் நான் கேட்கப்போவதில்லை.

முப்பத்தோரு வருடம் கல்லூரியில் தமிழ் நடத்தியவன் நான். ஓய்வுபெற்ற பிறகு வைட்ஃபீல்டில் மகள் வீட்டில், ஒன்பதாவது மாடியில் இருக்கிறேன். எங்கள் குடியிருப்பின் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு மன்றம் வைத்திருக்கின்றன. பொங்கலுக்கு ஒரு விழா, விழாவுக்கு ஓர் ஆண்டு மலர். மலருக்கு என்னை ஆசிரியராகப் போட்டார்கள். வேலைக்குப் போகாத ஆள் நான் ஒருவன்தான். பெங்களூரில் இருக்கும் தமிழர் யாரும் எழுதலாம் என்று சிறுகதைப் போட்டி அறிவித்தோம். அதோடு ஒரு பக்கக் குறிப்பும் தயாரித்துக் கொடுத்தேன். தலைப்பு 'நல்ல கதைக்கு வேண்டியவை'. பாத்திரம், களம், சிக்கல், உச்சம், தீர்வு. ஒவ்வொன்றுக்கும் இருபது மதிப்பெண். விடைத்தாள் திருத்தியே பழகிய கைக்கு அப்படித்தான் வரும்.

முப்பத்துநான்கு கதைகள் வந்தன. பாதிக் கதைகளில் மகன் அமெரிக்காவில், தாய் முதியோர் இல்லத்தில். எல்லாவற்றிலும் உச்சம் இருந்தது, தீர்வும் இருந்தது, என் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியிருந்தார்கள். எனக்குத் தூக்கம்தான் வந்தது.

ஒரு கதை மட்டும் கோடு போட்ட நோட்டுத் தாளில், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதி வந்தது. எழுதியவர் ஹெப்பகோடியில் ஒரு கார்மெண்ட்ஸில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் பெண். வயது நாற்பத்திரண்டு, ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம் என்று கடைசியில் குறித்திருந்தார். கதையின் பெயர் 'டம்ளர்'.

கணவனை விட்டு வந்து தனியாக அறை எடுத்து இருக்கிறாள் ஒருத்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது கணவன் வந்து வாசலில் நிற்கிறான். அவள் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறாள். அவன் குடிக்கிறான். கொஞ்ச நேரம் நிற்கிறான். போகிறான். அவள் டம்ளரை இரண்டு முறை கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய், தட்டில் சோறு போட்டுச் சாப்பிடுகிறாள். அவ்வளவுதான்.

முதல் பரிசு இதற்குத்தான் என்று படித்து முடிக்கும்போதே தெரிந்துவிட்டது. என் தாளில் போட்டுப் பார்த்தேன். பாத்திரத்துக்குப் பதினெட்டு, களத்துக்குப் பத்தொன்பது, சிக்கலுக்குப் பதினைந்து. உச்சத்துக்கு நான்கு. தீர்வுக்குப் பூஜ்யம். கூட்டினால் ஐம்பத்தாறு. அமெரிக்க மகன்களே எழுபதைத் தாண்டியிருந்தார்கள். என் தாளை மாற்றியிருக்கலாம். நான் கதையை மாற்றினேன்.

பதினோரு வரிகள். அவள் ஈரக் கையோடு பஸ் நிறுத்தத்துக்கு ஓடுகிறாள். அவன் கண்ணீர் அவள் கைமேல் விழுகிறது. "வாங்க, நம்ம வீட்டுக்குப் போவோம்" என்கிறாள். ஓசூர் பஸ் புறப்படுகிறது. தலைப்பையும் 'இல்லம் திரும்பினாள்' என்று மாற்றினேன். இப்போது தொண்ணூற்றிரண்டு மதிப்பெண்.

விழாவில் முதல் பரிசுக் கதையைத் தொகுப்பாளர் மேடையில் வாசிப்பது வழக்கம். அந்த அம்மாள் நான்காவது வரிசையில், நீலப் புடவையில் உட்கார்ந்திருந்தார். தன் கதைக்கு நான் எழுதிய முடிவை எல்லோரோடும் சேர்ந்து அப்போதுதான் கேட்டார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மேடைக்கு வந்து கேடயத்தை வாங்கிக்கொண்டபோது முகம் வெளுத்திருந்தது. மேடைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது.

"சார், கடைசியில இருக்கறத யார் எழுதனது?"

"நான்தாம்மா. முடிவு இல்லாம இருந்தது. கதைன்னா ஒரு முடிவு வேணுமில்லையா?"

"முடிவு இல்லன்னு யாரு சொன்னது? அதான் சாப்பிட்டாளே."

நான் சிரித்துவிட்டேன். சிரித்ததையும் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. வாசகர் மனநிலை, மரபு என்று ஏதோ விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நாங்க செக்கிங்குல தப்பு இருந்தா அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவோம் சார். தச்சவங்ககிட்டயே திரும்பிப் போவும். நாங்களா பிரிச்சித் தைக்க மாட்டோம். தச்சா சூப்பர்வைசர் வெளிய அனுப்பிடுவாரு."

பிறகு விஷயத்தைச் சொன்னார். கதையில் வருவது அவர்தான். கணவனை விட்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய அண்ணன் மலரைப் படித்துவிட்டு, அதைக் கணவன் வீட்டாரிடமே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். வாயால் சொல்லக் கூச்சப்பட்டு எழுதிக் காட்டியிருக்கிறாள், மேடையில் கேடயமும் வாங்கியிருக்கிறாள், இதற்கு மேல் என்ன சம்மதம் வேண்டும் என்று கேட்டு, தங்கையை அனுப்பிவைப்பதாக வாக்கும் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து மூன்றாவது ஞாயிறு அத்திபெலேயில் தாய்மாமன் கடையில் எல்லோரும் கூடுவதாக ஏற்பாடு. அங்கிருந்து நேரே ஊருக்கு.

"அண்ணங்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க சார், அது நீங்க எழுதனதுன்னு."

"குடும்ப விஷயத்தில் நான் எப்படிம்மா தலையிடறது?" என்றேன்.

அவர் குடும்பத்துக்குள் பதினோரு வரி தூரம் போய்விட்டு வந்தவன் நான். அந்த வாயால்தான் அப்படிச் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அன்று மாலை கையெழுத்துப் பிரதியைத் தேடி எடுத்தேன். அவர் எழுதியதில் குறை கண்டுபிடித்து என்னை நியாயப்படுத்திக்கொள்ளத்தான் எடுத்தேன், வேறு நல்லெண்ணம் ஒன்றும் இல்லை. நீல எழுத்துக்குக் கீழே என் சிவப்பு எழுத்து. தொடர்ந்து வாசித்தபோது அந்தப் பதினோரு வரியில் இருந்தது யார் வீடு என்று தெரிந்தது. என் மனைவி ஒருமுறை நான்கு மாதம் தாய்வீட்டில் இருந்தாள். மகளைப் பள்ளியில் சேர்க்கும் சமயம் வந்ததும் ஒரு பெட்டியோடு திரும்பினாள். ஏன் போனாய் என்று நான் கேட்டதில்லை. அவள் இறந்து ஆறு வருடமாகிறது. அவள் ஓடிவந்து என் கையைப் பிடிக்க வேண்டும் என்று நான் அந்த நான்கு மாதமும் நினைத்திருந்ததை, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் தலையில் கட்டியிருக்கிறேன்.

மறுநாள் மன்றச் செயலாளரிடம் போனேன். அடுத்த மலர்வரை காத்திருக்க முடியாது, உடனே ஒரு திருத்த அறிவிப்பை அச்சிட்டு எல்லா வீட்டுக்கும் கொடுக்க வேண்டும் என்றேன். அவர் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சார், மலரை யார் சார் படிக்கறாங்க? விளம்பரம் குடுத்தவங்க அவங்க பக்கத்த மட்டும் பார்ப்பாங்க. போட்டோ வந்தவங்க போட்டோவப் பார்ப்பாங்க. நீங்க எதுக்கு மன்றத்தோட பேர இழுக்கறீங்க?"

"ஒருத்தர் படிச்சிருக்கார். அது போதும்."

"யாரு?"

"அந்த அம்மாவோட அண்ணன்."

மலராசிரியர் பொறுப்பு வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டு வந்தேன். பிறகு அந்த அம்மாளுக்குப் போன் செய்தேன். நான் செய்தது தப்பு என்றேன்.

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது சார்? அது நான் எழுதலன்னு எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட வந்து சொல்லுங்க. அத்திபெலேக்கு வாங்க."

போனேன். மாமாவின் கடை பிளாஸ்டிக் சாமான் கடை. வாளிகளும் குடங்களும் கூரைவரை அடுக்கியிருந்தன. உள்ளே ஸ்டூல் போட்டு அண்ணன், மாமா, கணவன், கணவனின் சித்தப்பா. அந்த அம்மாள் மட்டும் நின்றுகொண்டிருந்தார். கல்லாப் பெட்டிமேல் எங்கள் ஆண்டு மலர், அந்தப் பக்கத்தைத் திறந்து, மேலே ஒரு எடைக்கல்லை வைத்திருந்தார்கள்.

நான் யார் என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் பிரதியை எடுத்து நீட்டினேன். நீலம் அவர் எழுதியது, சிவப்பு நான் எழுதியது, என் சிவப்புக்கு அவர் பொறுப்பில்லை, அவரைக் கேட்கவும் இல்லை என்றேன்.

அண்ணன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப பரிச உங்களுக்கே குடுத்துக்கினீங்களா சார்?"

"அப்படித்தான் ஆயிடுச்சு."

"படிச்ச மனுசன். சேர்த்து வெச்சி நல்லா எழுதிட்டு, இப்ப வந்து பிரிச்சி விடறீங்க."

"சேர்த்ததுதான் தப்புன்னு சொல்ல வந்திருக்கேன்."

மாமா இடையில் பக்கெட் வாங்க வந்த ஆளிடம் கன்னடத்தில், "ஒந்து நிமிஷ ஸ்வாமி, பக்கெட் ஆ கடே இதே, நோடி" என்று கையைக் காட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "சார், யார் எழுதனா இன்னா? முடிவு நல்லாத்தான இருக்குது? குடும்பம் ஒண்ணாவுது. இதுல உங்களுக்கு இன்னா கஷ்டம்?"

இந்தக் கேள்வியை நான்தான் ஒரு பக்கக் குறிப்பாக அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்தவன். "நல்ல முடிவுதாங்க. ஆனா அவங்களோடது இல்ல" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. பக்கெட் வாங்க வந்தவரும் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாம் கதைதான?" என்றார் சித்தப்பா. "இவ எழுதனதும் கதை, இவரு எழுதனதும் கதை. எத நம்பறது?"

அதுவரை பேசாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த கணவன் வாயைத் திறந்தார். "டம்ளர் கழுவனது நெசம். கேட் தாண்டறப்ப சத்தம் கேட்டுச்சு. ரெண்டு தடவ கழுவனா." தலையை நிமிர்த்தி, "பஸ் ஸ்டாப்புக்கு யாரும் வர்ல. நான் மூணு பஸ்ஸ விட்டுட்டு நின்னன்" என்றார்.

அந்த அம்மாள் முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தார்.

"ஏன் விட்டுட்டு வந்தன்னு அன்னிக்கும் கேக்கல, இன்னிக்கும் கேக்கல. பதினாறு வருசத்துல ஒண்ணுமே கேட்டதில்ல நீங்க. அடிச்சிருந்தா ஊருக்குச் சொல்லியிருப்பன். இத எப்பிடிச் சொல்றதுன்னுதான் எழுதனன்."

பிறகு அண்ணனிடம், "நான் வர்ல. நாளைக்கி ஃபர்ஸ்ட் ஷிப்ட்" என்று சொல்லிவிட்டு, அவர் கையிலிருந்த பிரதியை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தார். ஹெப்பகோடி போகும் பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். நான் பின்னால் போகவில்லை.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அண்ணன் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். தாய்க்கு உடம்பு சரியில்லாதபோதுகூடச் செய்தி வேறு ஆள் மூலமாகத்தான் வந்ததாம். அது என்னால் வந்த வினை. ஒரு மாதம் கழித்து ஒரு பார்சல் வந்தது. பழைய துணியில் சுற்றிய கேடயம். கடிதம் இல்லை. என் அலமாரியில் அவர் பெயர் முன்பக்கம் தெரியும்படி வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் நடந்ததைச் சொல்கிறேன்.

மன்றம் அறிவிப்பு போடவில்லை. நான் போட்டேன். 'டம்ளர்' கதையின் உண்மையான கடைசிப் பகுதியையும், மாற்றியது நான்தான் என்ற ஒரு வாக்கியத்தையும் தாளில் அச்செடுத்து, பசை டப்பாவோடு குடியிருப்பில் வீடு வீடாக ஏறினேன். அவர் அனுமதியைப் போனில் கேட்டுவிட்டுத்தான். "ஒட்டுங்க" என்றார், அவ்வளவே. பெரும்பாலான வீட்டில், "அந்த புக்கா அங்கிள்? பழைய பேப்பருக்குப் போட்டுட்டோமே" என்றார்கள். ஒரு வீட்டில் அதைத் தண்ணீர்க் கேனுக்கு அண்டை கொடுத்திருந்தார்கள். கேனை நகர்த்தச் சொல்லி, எடுத்து, ஒட்டி, திரும்ப வைத்தேன். நாற்பத்தோரு பிரதிகள் அகப்பட்டன. செயலாளர் லிஃப்டில் பார்த்து, "விட மாட்டீங்களா சார்" என்றார். "மாட்டேன்" என்றேன்.

அந்த ஒரு பக்கக் குறிப்பை நான் கிழித்துப் போடவில்லை. கதைக்குப் பாத்திரமும் களமும் சிக்கலும் வேண்டும் என்று இன்றும் சொல்வேன், யாரோடும் வாதாடுவேன். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே, பேனாவால் ஒன்று எழுதியிருக்கிறேன்: இது யாருடைய கதை, அவரைக் கேட்டாயா. அதற்கு மதிப்பெண் ஒதுக்கவில்லை. அது இல்லையென்றால் மற்ற ஐந்துக்கும் மதிப்பெண் போடும் உரிமை எனக்கு இல்லை.

போன வாரம் அந்த அம்மாளிடமிருந்து வாட்ஸப்பில் செய்தி வந்தது. "சார், இன்னொரு கதை எழுதிட்டேன். உங்ககிட்ட காட்ட மாட்டேன்."

முடிவை அவசரப்படாமல் எழுதுங்கள் என்று தட்டினேன். அனுப்பாமல் அழித்தேன். "நல்லதும்மா" என்று மட்டும் அனுப்பினேன். பார்த்துவிட்டார். பதில் போடவில்லை.