டீச்சர் வீட்டுக்காரர், ரேடியோ

ரேடியோ ரிப்பேர் தொழிலில் ஷாக் அடிக்காத நாள் கிடையாது. ஆனால் என்னைத் தூக்கிப்போட்ட ஷாக்குகள் எல்லாம் கரண்டு இல்லாத இடத்தில்தான் அடித்தன.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்து நானாகக் கற்றுக்கொண்ட வேலை இது. மெட்ராஸில் ரேடியோ செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் வெளிநாட்டுச் சாமான்கள் கடைகளில் வந்து குவியவும், எங்கள் கம்பெனியை இழுத்து மூடினார்கள். அதே சமயம் என் மனைவி எஸ்தருக்கு, நீடாமங்கலத்துக்கும் கூத்தாநல்லூருக்கும் நடுவே ஒரு சின்ன ஊரில், சர்ச் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. "ஒரு வருஷம் பார்ப்பேன். ஒத்துவரலேன்னா நீ இங்க இரு, நான் மெட்ராஸுக்குத் திரும்பிடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் லாரியில் ஏறினேன். மெட்ராஸில் சிநேகிதர் ஒருவர் தன் கடையில் எனக்காக ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருந்தார்.

பெரிய ஊரிலிருந்து சின்ன ஊருக்குக் குடிபோன சக பாவிகளே, இது உங்களுக்காக.

சர்க்கரை இல்லாத டீ

வந்த மறுநாள் காலையில் கடைத்தெருவில் டீ குடிக்கப் போனேன். அதுவரை அந்த ஊரில் நான் பேசியது இரண்டே பேரிடம்: சாமான் இறக்கிய ஆளிடமும், முந்தின நாள் சாயங்காலம் மருந்துக் கடைக்காரரிடமும். டீ மாஸ்டர் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். கேட்காமலே கிளாஸை நீட்டினார். வாயில் வைத்தால் சர்க்கரையே இல்லை.

மெட்ராஸில் ஒரே தெருவில் பதினோரு வருடம் இருந்தேன். எனக்குச் சர்க்கரை வியாதி என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. "சர்க்கரை போடலையா?" என்றேன்.

"மாத்திரையையும் வாங்கிட்டு சக்கரையும் கேட்டா எப்படிங்க? குடிங்க, பழகிடும்."

விலாசம்

கடைத்தெருவில் ராசுவின் தையல் கடைக்குப் பக்கத்து இடத்தை எடுத்தேன். வெள்ளைத் தகரத்தில் சிவப்பு எழுத்தில் என் பெயரைப் பெரிதாக எழுதி மாட்டினேன். ஆறு மாதம் தொங்கியது. அந்த ஆறு மாதத்தில் ஒருவர்கூட என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. நான் டீச்சர் வீட்டுக்காரர். பெண்களைத்தான் இன்னார் சம்சாரம் என்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

ஒரு நாள் போஸ்ட்மேன் குவைத்திலிருந்து வந்த கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். தன் வீட்டு டேப்ரெக்கார்டரைச் சரிபார்க்கச் சொல்லி யாரோ எழுதியிருந்தார். கவரின் மேல் விலாசம்: 'டீச்சர் வீட்டுக்காரர், ரேடியோ.' அதற்குக் கீழே ஊர்ப் பெயர். கதவு எண் இல்லை, தெரு இல்லை, என் பெயர் இல்லை. கடல் தாண்டி வந்து சேர்ந்திருக்கிறது. "இதை எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்றேன்.

"பேரைப் போட்டிருந்தாத்தான் சார் தேடியிருப்பேன்."

சுருங்கிய படம்

கொஞ்சம் உள்ளே தள்ளி, வயலுக்கு நடுவே ஒரு பண்ணை வீடு. டிவியில் படம் நாலு பக்கமும் சுருங்கி, நடுவில் தபால் தலை மாதிரி நிற்கிறது என்று கூப்பிட்டார்கள். போனேன். காலையில் பார்த்தால் படம் நன்றாக இருந்தது. மதியம் சுருங்கியது. ஒரு பாகத்தை மாற்றினேன். மறுநாளும் மதியம் சுருங்கியது. இன்னொன்றை மாற்றினேன். மூன்றாம் நாள் முழுப் பெட்டியையும் பாயில் பரப்பிவைத்து, என் தொழிலே எனக்கு மறந்துவிட்டதோ என்று உட்கார்ந்திருந்தேன்.

நாற்றுக் கட்டு எடுக்க வந்த ஓர் அம்மாள் வாசலில் நின்று அத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லித்தான் புரிந்தது: அது குறுவை நடவு சமயம். ஆற்றில் தண்ணீர் வரவில்லை. மதியம் மூன்று ஃபேஸ் கரண்டு வந்ததும் சுற்றுவட்டாரத்து மோட்டார்கள் எல்லாம் ஒரே மூச்சில் ஓட ஆரம்பிக்கும். டிவிக்கு மிச்சம் கிடைப்பது அரை வோல்டேஜ். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த இதை நான் மூன்று நாளாக ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் தேடியிருக்கிறேன்.

"பெட்டி நல்லாத்தாங்க இருக்கு. நாத்து நட்டு முடியட்டும், படம் தானா விரியும்."

பூட்டிய கடை

ஒரு கல்யாணத்துக்காக மெட்ராஸ் போய் மூன்றாம் நாள் திரும்பினேன். நான் பூட்டியபடியே கடையின் பூட்டு தொங்கியது. உள்ளே போனால், மேஜை மேல் சரிசெய்து வைத்திருந்த ஒரு ரேடியோவைக் காணோம். திருடன் வந்திருந்தால் டிவியை அல்லவா எடுத்திருப்பான்! பக்கத்துக் கடைக்கு ஓடி, "ராசு, கடையில திருட்டு போயிருக்கு" என்றேன்.

ராசு மெஷினை நிறுத்தவே இல்லை. கடைச் சொந்தக்காரரிடம் இன்னொரு சாவி இருக்கிறதாம். ரேடியோவுக்கு உரியவர் வந்து கேட்டதும் அதை வாங்கித் திறந்து, எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பூட்டினானாம். "என் கடையை என்னைக் கேக்காம எப்படிப்பா திறக்கலாம்?" என்றேன்.

"கடை உங்களுதுதாண்ணே. ரேடியோ அவருதுல்ல?"

பேசும் கேசட்

இதைச் சொல்ல எனக்கு இப்போதும் கூச்சம்தான்.

அப்போதெல்லாம் வெளிநாட்டில் இருப்பவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். ஊருக்கு வருகிற யாராவது ஒருவர் கையில் கொடுத்துவிடுவார்கள். ஜமீலா என்ற பெண் ஒரு டேப்ரெக்கார்டரைக் கொண்டுவந்து, கேசட் உள்ளே சிக்கிக்கொண்டது என்று சொல்லிவிட்டுப் போனாள். பெல்ட் அறுந்திருந்தது. மாற்றினேன். மெட்ராஸில் எங்களுக்கு ஒரு பழக்கம். ரிப்பேர் ஆனதும் உள்ளே இருப்பதை அப்படியே முழுச் சத்தத்தில் ஓடவிடுவோம். தெருவுக்குக் கேட்டால்தான் வேலை முடிந்ததற்கு அத்தாட்சி. பாட்டாக இருக்கும் என்றுதான் பொத்தானை அழுத்தினேன்.

"ஜமீலா, அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே. வேலை போயி மூணு மாசமாச்சு. பாஸ்போர்ட்டும் முதலாளிகிட்ட மாட்டிக்கிச்சு…"

என் கை பொத்தானைத் தேடிப் போவதற்குள் ராசுவின் தையல் மெஷின் நின்றது. எதிரே டீ ஆற்றும் சத்தமும் நின்றது. கடைத்தெரு முழுக்க என்னைப் பார்த்தது.

அரை மணி நேரத்தில் கேசட்டில் பேசிய ஜமீலாவின் கணவனுடைய அம்மா, வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, தனியாக நடந்து வந்தார். நான் எழுந்து நின்றேன். "அம்மா, தெரியாமப் பண்ணிட்டேன்" என்றேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, "இன்னொரு தடவை போடுங்க தம்பி" என்றார். மெதுவாக வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார். நாளைக்கே கூத்தாநல்லூருக்குப் போய், வெளிநாட்டில் ஆள் தெரிந்தவர்களைப் பார்த்து, எப்படியாவது மகனை வரவழைத்துவிடுவதாகச் சொன்னார். நான் திட்டுக்காகக் காத்திருந்தேன். படி இறங்கும்போது திரும்பிப் பார்த்தார்.

"மூணு மாசமா எல்லாரும் நல்லாருக்கான், நல்லாருக்கான்னு என் காதுல மெதுவாச் சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் தம்பி நெசத்தைச் சத்தமாச் சொன்னீங்க."

கார்டு

அவர் மன்னித்துவிட்டார்; என்னால் என்னை மன்னிக்க முடியவில்லை. மறைக்க வேண்டியதை மறைக்கவும், தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொள்ளவும் இந்த ஊரில் எனக்கு வரவில்லை. நான் சொன்ன ஒரு வருடமும் முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. மெட்ராஸ் சிநேகிதருக்கு, 'பள்ளிக்கூட லீவு விட்டதும் வந்துவிடுகிறேன், நாற்காலியை வைத்திருங்கள்' என்று எழுதிப் போட்டேன். எஸ்தரிடம் எப்படிச் சொல்வது என்று மட்டும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது சொல்லலாம் என்று இருந்தேன்.

நான் எழுதியது அஞ்சலட்டையில். மெட்ராஸில் அஞ்சலட்டையை யார் படிக்கிறார்கள்? காலை பத்து மணிக்குப் பெட்டியில் போட்டேன். மதியம் இரண்டு மணிக்கு ஒருவர் வந்து, மெட்ராஸில் மழைக்காலத்துக்கு முன் வீடு பிடித்துவிடும்படி புத்தி சொன்னார். சாயங்காலம் எஸ்தர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, கைப்பையை ஆணியில் மாட்டினாள். நேரே அடுப்படிக்குப் போய் உலையை வைத்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை. முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பவில்லை.

"போங்க, தடுக்கலை. வாங்கி வச்ச பொருளையெல்லாம் சரிபண்ணிக் குடுத்துட்டுப் போங்க. இல்லேன்னா நாளைக்கு வாசல்ல வந்து கேக்கறவங்களுக்கு நான்தானே பதில் சொல்லணும்?"

குவியல்

நியாயம்தான். கடையில் அன்றைக்கு இருந்தவை ஒன்பது. பத்து நாள் வேலை. மறுநாள் காலை கடையைத் திறக்கப் போனால் வாசலில் ஆட்கள். பொருளைத் திருப்பி வாங்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இல்லை, ஒவ்வொருவர் கையிலும் ஒன்று. வால்வு ரேடியோ, டேப்ரெக்கார்டர், ஓடாத கடிகாரம், ஒரு இஸ்திரிப் பெட்டி. ஒரு ரேடியோவைத் திறந்தால் உள்ளே எலி சேர்த்த நெல் கால்படி இருந்தது. ஒன்பதை முடிப்பதற்குள் முப்பது ஆனது. முப்பதை முடிப்பதற்குள் பள்ளிக்கூடம் மறுபடி திறந்துவிட்டது. ஊரில் இத்தனை பொருள் இத்தனை நாள் கெட்டுக் கிடந்ததா என்று மலைத்துப் போனேன்.

வெளிநாட்டிலிருந்து பத்திரமாகத் திரும்பி வந்துவிட்ட ஜமீலாவின் கணவனும் அந்த டேப்ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். போட்டுப் பார்த்தேன். ஒரு பழுதும் இல்லை. "நல்லாத்தானேப்பா பாடுது?" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் சத்தமாப் பாடட்டும்ணே."

ராசு சொன்னது

மெட்ராஸ் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்துவிட்டார்கள். நானும் பிறகு கார்டு போடவில்லை. இருபத்திரண்டு வருடம் அதே கடையில் இருந்தேன். அதன்பின் எஸ்தர் இறந்துபோனாள். அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்துக் கடையைத் திறந்து, சும்மா உட்கார்ந்திருந்தேன். ராசு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்கும் தலை நரைத்திருந்தது. பிறகு, அந்தக் கார்டு போட்ட அன்றைக்கு நடந்ததைச் சொன்னான்.

"பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் நேரா வீட்டுக்கு வரலைண்ணே. வீடு வீடா ஏறி எறங்கினாங்க. 'கெட்டது எது இருந்தாலும் கொண்டுபோய்க் குடுங்க, கெட்டது இல்லேன்னா நல்லதையாவது குடுங்க, அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க'ன்னு கண்ணைத் தொடச்சுகிட்டே சொன்னாங்க."

இந்த ஊரில் ஒரு ரகசியமும் அரை நாள் தங்காது என்று இருபத்திரண்டு வருடமாகப் பார்த்தவரிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தேன். ஊரே வாயை இறுக்கி மூடிக்கொண்டு அதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறது.