நூறாவது பறவை

நானும் என் நண்பனும் பறவை பார்க்கப் போவதை எங்கள் வீடுகளில் யாரும் மதிப்பதில்லை. அவன் தாம்பரத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறான். நான் பள்ளி ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை தூங்காமல் பைனாகுலரும் கழுத்துமாக வயல்வரப்பில் நிற்க இவர்களுக்கு என்ன கேடு என்பது என் மனைவியின் நிரந்தரக் கேள்வி.

கேடெல்லாம் இல்லை, போட்டிதான். ஒரு வருடத்துக்குள் நூறு வகைப் பறவையை முதலில் கண்டுபிடிப்பவனுக்கு ஜெயம். தோற்றவன் எங்கள் பறவைக் குழுவின் வாட்ஸ்அப்பில் மற்றவனை ‘என் குரு’ என்று எழுத வேண்டும். புளுகைத் தடுக்க ஒரு விதி வைத்திருந்தோம். ஒருவன் காட்டும் பறவையை மற்றவனும் பார்த்ததாகச் சொன்னால்தான் அது காட்டியவன் கணக்கில் ஏறும்.

டிசம்பர் பாதியில் இருவரும் தொண்ணூற்றொன்பதில் முட்டிக்கொண்டு நின்றோம். அப்போதுதான் வண்டலூர்ப் பக்கம் ஒரு புதரடியில் அவன் ஆறுமணிக்குருவியைக் காட்டினான். பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு, எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. “எங்க மச்சான்? ஒண்ணும் காணோமே” என்றேன். பாவம், அவன் விரலை நீட்டி நீட்டிக் காட்டினான். அதுவும் பறந்துவிட்டது. பொய் சொல்லாதே என்று வாரம் ஐந்து நாள் பிள்ளைகளை அதட்டுகிறவன் நான். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் குருவாகும் ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

அடுத்த ஞாயிறு சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அப்பால் உள்ள வயல்களுக்குப் போனோம். அவன் விடியற்காலைத் தொழுகையை முடித்துக்கொண்டு குரங்குக் குல்லாயோடு வந்திருந்தான். பயிர் தெரியாத அளவுக்குப் பனி. வரப்பில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து எனக்குத்தான் முதலில் டீ ஊற்றினான். குருவியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவே எனக்கு உறுத்தியது.

பனி விலகும்போது மூன்று வயல் தள்ளி, நெற்கதிரை உரசுவதுபோலத் தாழப் பறந்து வந்தது ஒரு பூனைப்பருந்து. குளிர்காலத்தில் மட்டும் வடக்கிலிருந்து வருவது. என் நூறாவது! கண்ணிலிருந்து பைனாகுலரை எடுக்காமலே அவனைக் கூப்பிட்டேன்.

“எங்க மச்சான்? ஒண்ணும் காணோமே.”

என் வார்த்தைகள், என் ராகம். திரும்பிப் பார்த்தேன். பைனாகுலரைக் கண்ணில் வைத்துப் பருந்தை நோக்கித்தான் நின்றிருந்தான்.

“போன வாரம் அந்தக் குருவிய நீ பார்த்தியா, இல்லியா? நிஜத்தச் சொல்லு. நானும் நிஜத்தச் சொல்றேன்” என்றான்.

ஒப்புக்கொண்டால் அவன் ஒரு வாரம் முன்பே ஜெயித்தவனாகிவிடுவான். மறுத்தால் என் பருந்தும் போச்சு. இரண்டாவதாகவாவது நூறைத் தொடலாம் என்று ஒரு நப்பாசை. முதல் டீயை எனக்கு ஊற்றியவன் வேறு.

“பார்த்தேன்டா. வாலடிச் சிவப்பு வரைக்கும் பார்த்தேன்.”

நோட்டை எடுத்து நிதானமாக எழுதிக்கொண்டான். பூனைப்பருந்து என்னாச்சு என்று கேட்டேன். பைனாகுலரை என் முகத்துக்கு நேரே நீட்டினான். முன்பக்க மூடி இரண்டையும் அவன் கழற்றவே இல்லை.

“தொழுதுட்டு வந்து பொய் சொல்லுவேனா மச்சான்? நிஜமாவே பார்க்கல.”

பருந்து எப்போதோ தென்னந்தோப்பைத் தாண்டியிருந்தது. வரப்பில் நின்றபடியே போனை எடுத்து ‘என் குரு’ என்று தட்டினேன். சும்மா சொல்லக் கூடாது, மனதார எழுதினேன்.