மருந்து ஜன்னலில் யுத்த காலம்

மருந்து கொடுக்கும் வேலையில் பாதி, மருந்து இல்லை என்று சொல்வது. யுத்தம் வந்த பிறகு முக்கால்வாசி. கம்பவுண்டராக இருந்த என் வீட்டுக்காரர் பட்டாளத்து ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனதும், ஸ்ரீரங்கத்து டாக்டர் அவர் மருந்து கொடுத்துவந்த ஜன்னலில் என்னை உட்கார வைத்தார். உள்ளே தூளியில் என் குழந்தை. உங்கள் வீட்டிலும் தினம் மருந்து வேண்டியவர் இருந்தால், இப்படி ஒரு ஜன்னலுக்கு வெளியே நீங்களும் நின்றிருப்பீர்கள்.

பெரிய சீசா

சீசாவுக்கும் தட்டுப்பாடு. மிக்ஸ்சர் என்கிற தண்ணீர் மருந்துக்கு அவரவரே சீசா கொண்டுவர வேண்டும். வாழைத்தார் வண்டிக்காரர் ஒருவர் எண்ணெய் சீசா ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் ஊற்றிய மருந்து அடியில் ஒரு விரற்கடை நின்றது. தூக்கிப் பார்த்துவிட்டு, "சீசா பெரிசா இருந்தா நீங்களே வெட்கப்பட்டு நிறைய ஊத்துவீங்கன்னு நினைச்சேன்" என்றார்.

கிணற்றடிப் பானை

ரங்கநாயகி மாமியின் கணவர் வாத்தியார். சர்க்கரை வியாதி, தினம் இன்சுலின் ஊசி. போடுவது மாமிதான். குப்பி சூடேறக் கூடாது, ஈர மணல் பானையில் புதைத்து வையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஊசி மருந்தை மடி சமையலறைக்குள் வைக்கலாமா? மாமி பானையைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்விட்டார். சித்திரை வெயிலில் மணல் கடலை வறுக்கிற பதத்துக்கு வந்து, மருந்து கெட்டது. வேறு குப்பி கொடுத்தேன். "மடியைப் பார்த்தேன், வெயிலைப் பார்க்கலைடிம்மா" என்றார்.

ஏகாதசி

இந்த ஊசி போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். வாத்தியார் ஊசியும் போட்டுக்கொண்டு ஏகாதசி உபவாசமும் இருந்துவிட்டார். வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, வண்டியில் வந்து சேர்ந்தார். டாக்டர் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, "இது ஆகாரமில்லை ஸ்வாமி, மருந்து" என்று புகட்டினார். தெளிந்து உட்கார்ந்ததும் வாத்தியார், "சர்க்கரை வியாதிக்குச் சர்க்கரையே மருந்தா? யுத்தம் வந்ததிலேர்ந்து எல்லாமே தலைகீழ்தான்" என்றார்.

கடைசிக் குப்பி

மதராஸ் பார்சல் வரவில்லை. மிச்சம் ஒரே குப்பி, வாத்தியாருக்கென்று எடுத்து வைத்தது. மாமி வாங்க வந்த நேரம், திருச்சியிலிருந்து ஆரோக்கியம் டீச்சரும் வந்து நின்றார். அவருடைய சின்ன மகளுக்கும் அதே ஊசி. டவுனில் எங்கும் இல்லை. ஊசி இல்லாவிட்டால் அந்தக் குழந்தை பிழைக்காது.

டாக்டரைக் கூப்பிட்டேன். வாத்தியார் கடும் பத்தியம் இருந்தால் கொஞ்ச நாள் தாங்கலாம், கஷ்டம்தான் என்றார். மாமி குப்பியை ஒரு தரம் பார்த்தார். "எங்காத்துக்காரர் ஏகாதசி இருந்து பழகினவர். குழந்தைக்கு அதெல்லாம் தெரியுமா? அவளுக்கே கொடுடி."

அடுத்த வாரம் பார்சல் வந்துவிட்டது. ஆனால் வாத்தியாருக்குக் குப்பி வாங்க வந்த மாமியை ஜன்னலில் பார்த்ததும், பழக்கதோஷத்தில் என் வாய் முதலில் சொன்னது "இல்லை" என்றுதான்.