தண்டால் எடுத்த ஓணான்

மாடிக்குக் கான்கிரீட் போடுவதற்காக இன்று காலை, திண்டிவனத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு லோடு ஜல்லி இறங்கியது. தூசி அடங்கட்டும் என்று அம்மா ஒரு வாளித் தண்ணீரை வீசி ஊற்றினார். வெயில் ஏறிய கல்லில் தண்ணீர் பட்டால் ஒரு வாசனை கிளம்புமே, அது மூக்கில் ஏறியதுதான் தாமதம், பெருமுக்கல் பக்கத்துப் பாறைக்குன்றில் குப்புறப் படுத்துக் கிடந்தேன்.

படிப்பு முடித்து வேலை கிடைக்காமலிருந்த வருடம் அது. யாரோ பயன்படுத்திய பழைய கேமரா ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பாறை ஓணான்களின் பின்னால் அலைந்தேன். மற்ற நாட்களில் அதற்கும் கல்லுக்கும் ஒரே நிறம்தான். ஆனால் வெயில் காலத்தில் ஜோடி தேடும் ஆணை நீங்கள் பார்க்க வேண்டும். முதுகு செக்கச்செவேல், விலா கன்னங்கரேல், ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்பியது மாதிரி. படம் எடுக்கத்தான் விடாது. நம் நிழல் விழுந்தாலே இடுக்குக்குள் போய்விடும். எனக்கு முழங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம். வீட்டில் கேட்டால் பைக்கிலிருந்து விழுந்தேன் என்பேன். ஓணானுக்காக என்பதைவிட அது கௌரவம்.

கூட வந்தவன் செல்வம், பள்ளித் தோழன். போலீஸ் செலக்‌ஷனுக்காகக் குன்றில் ஏறி இறங்கி ஓடுவான், உச்சியில் தண்டால் எடுப்பான். ஒருநாள் அவன் எடுக்க எடுக்க, எதிர்ப்பாறையில் ஓர் ஓணானும் முன்கால்களை ஊன்றி எழுந்து எழுந்து இறங்கியது.

“டேய், அதுவும் செலக்‌ஷனுக்குப் போவுது பாரு” என்றான்.

“நிறுத்தாத, எடுத்துக்கினே இரு. இது என் எடம், எழுந்து போன்னு உன்கிட்ட சொல்லுதுடா.”

“பட்டா வெச்சிக்கினு இருக்குதாமா?”

சிரித்ததில் கேமரா ஆடியும் ஒரு படம் தேறியது. தலை நிமிர்ந்த ஓணான், ஓரத்தில் மங்கலாகச் செல்வத்தின் கை. அப்படி ஒன்றை நான் அதற்குப் பிறகு எடுத்ததில்லை.

செல்வத்துக்கு உயரம் கொஞ்சம் பற்றவில்லை. இப்போது டிப்பர் ஓட்டுகிறான். இன்றைய லோடும் அவன் கொண்டுவந்ததுதான்.

“எந்தக் குவாரிடா?” என்று கேட்டேன்.

கையைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான். “நம்ம பாறதான்.”

“ஓணானுங்க?”

“பொக்லைன் வந்தன்னிக்கு ஒண்ணு மேலயே நின்னுக்கினு இருந்துச்சு. செவப்பு. பொக்லைனுக்கு எதிர தண்டால் எடுத்துக்கினே இருந்துச்சுடா.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா. வேட்டு வெச்சாங்க.”

பக்கத்துப் பாறைக்காவது போயிருக்காதா என்றேன்.

“அதையும் ஏலத்துல எடுத்துட்டாங்க மச்சி” என்று வண்டியில் ஏறிக்கொண்டான்.

அம்மா ஊற்றிய தண்ணீர் காய்ந்து வாசனையும் போய்விட்டது. கலவை மெஷின் வரும்வரை ஜல்லிக் குவியலின் மேல் உட்கார்ந்திருந்தேன். கல் நன்றாகச் சுட்டது. உள்ளே போய்க் கேமராவை எடுத்துவரத் தோன்றவில்லை. வெயில் சாய்வதற்குள் இது எங்கள் மாடியாகிவிடும்.