பதியாத மூன்று நாட்கள்

செவ்வாய்க்கிழமை காலை, வெள்ளவத்தையில் நான் தங்கியிருக்கும் வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து ரீற்றா அக்காவின் தம்பி சேவியர். "அக்கா போயிட்டா. விடிய அஞ்சு மணிக்கு. நெஞ்சுச் சளிதான்." பிறகு அவசரமாக: "வரேக்க ஐ.சி.யை மறக்காதீங்க. வழியில செக்கிங்."

மரணவீட்டுக்குப் போகவும் அடையாள அட்டை. ரீற்றா அக்கா கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

உங்களில் சிலருக்கு அவர் கொழும்புக் கோட்டையில் எங்கள் அலுவலகத்துத் தட்டெழுத்தாளர். மற்றவர்களுக்கு, அந்த வேலையை விட்டுவிட்டு ஊவா மலையில் மண்சுவர் வீடு கட்டி, தங்க வருபவர்களுக்குச் சமைத்துப் போட்ட பைத்தியக்காரி. நான்கு அறைகள். மின்சாரம் இல்லை. உப்பும் மண்ணெண்ணெயும் மட்டும் கடையில், மற்றதெல்லாம் தோட்டத்தில். வருபவர் தன் சாப்பாட்டுக்கு உரியதைத் தானே கிண்டி எடுக்கவேண்டும்.

ஒருமுறை லீவு எடுத்துக்கொண்டு நான் போய் இறங்கியதும் மரவள்ளிப் பாத்திக்குக் கூட்டிப்போனார். தம்பி என்பதைச் சிங்களத்தில் 'மல்லி' என்றுதான் என்னைக் கூப்பிடுவார். "இழு மல்லி. ஒபீஸில பைல் இழுக்கிற மாதிரி இழுத்தா வராது." அந்த உயரத்தில் தென்னை இல்லை. கறியெல்லாம் பால் விடாத கறி. "கொட்டாஞ்சேனையில பிறந்தவ தேங்காய்ப்பால் இல்லாமச் சமைக்கிறா எண்டு தெரிஞ்சா, எங்கட பாதர் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூப்பிடுவார்."

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. விருந்தினரின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, இரண்டு மைல் இறங்கிப்போய்ப் பொலிஸில் பதிந்துவிட்டு வருவார். அதன் பிறகுதான் அடுப்பு. "முதல்ல பேர், பிறகு சோறு." வெள்ளைக்காரர் வந்தாலும் அப்படித்தான்.

நான் மறித்தேன்.

யுத்தகாலச் சட்டம்: வெள்ளவத்தையில் அறை மாறும்போதெல்லாம் பொலிஸில் பதிவு. பாமன்கடைச் சோதனைச்சாவடியில் தினமும் இரண்டு தடவை பஸ்ஸால் இறங்கி நின்று பெயர் சொல்லவேண்டும். என் பெயர் எனக்கே அலுத்திருந்தது. "அக்கா, இஞ்சையாவது என்ரை பேர் எழுதப்படாமல் இருக்கட்டும்" என்றேன்.

அட்டைக்காக நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "ரெண்டு நாள். மூண்டாம் நாள் விடிய பொலிஸுக்குப் போவம்."

கரட் கழுவினேன். குரக்கன் ரொட்டி தின்றேன். மீதி நேரமெல்லாம் தூங்கினேன். மூன்றாம் நாளும் விடிந்து வெகுநேரம் கழித்தே எழும்பினேன். "சாப்பிட்டிட்டுப் போவம் அக்கா." அதையும் நான்தான் சொன்னேன். சமையலுக்குப் பாத்தியில் லீக்ஸ் பிடுங்கிக்கொண்டிருந்தபோது பொலிஸ் ஜீப் வந்தது.

பொலிஸில் ஒரே மேசைக்கு முன்னால் இருவரையும் இருத்தினார்கள். ஏன் அறிவிக்கவில்லை என்று அவரிடம் கேட்டார்கள். அவர் சிங்களத்தில் சொன்னார்: "மறந்துபோச்சு மாத்தயா."

எனக்குச் சிங்களம் விளங்கும். பதிய வேண்டாம் என்று நான் கேட்டதாகச் சொல்லியிருந்தால், அடுத்த கேள்வி எனக்கு: யாழ்ப்பாணத்து இளைஞன் ஏன் ஒளிக்கிறான்? அது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது. வாய் திறக்கவில்லை.

அலுவலகம் அனுப்பிய கடிதத்தால் மறுநாள் நான் வெள்ளவத்தையில். பதியாமல் ஆள் வைத்திருந்ததற்காக அவர் ஏழு மாதம் உள்ளே. வீட்டைப் பூட்டி முத்திரை வைத்தார்கள்.

சிறையிலிருந்து இருமலோடு கொட்டாஞ்சேனைக்குத் திரும்பி வந்தவரை ஒருநாள் போய்ப் பார்த்தேன். "அக்கா, அண்டைக்கு நான்..." என்று தொடங்கினேன். "விடு மல்லி. லீக்ஸ் எல்லாம் பூத்து முத்தியிருக்கும்." இருமி முடித்துவிட்டு, "அண்டைக்கு விடிய எட்டிப் பாத்தன். நீ குறட்டை விட்டு நித்திரை. எழுப்ப மனம் வரல்ல" என்றார்.

புதன்கிழமை பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எல்லோரும் கதைத்தது ஒன்றைத்தான். கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம். அந்தச் சின்ன விஷயத்தைச் செய்திருந்தால் இந்தச் சளியும் வந்திராது. "அக்காவுக்கு எப்பவும் ஒரு கவலையீனம்" என்று சேவியர் அழுதான். என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலுக்காகவே இதை எழுதுகிறேன். ரீற்றா அக்கா மறக்கவில்லை. நான் கேட்டேன், தந்தார். கேட்டவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த மூன்று நாள் நித்திரை. அதற்கு முன்னும் பின்னும் அப்படித் தூங்கியதில்லை.

இதை வாசித்த பிறகு சேவியர் என்னோடு கதைக்காமல் விடலாம். விடட்டும்.