எப்படியோ போ

என் அண்ணி மேடை மேலாளர் ஆவதற்கு என் அண்ணன் கொடுத்த அனுமதி இரண்டே சொல்: "எப்படியோ போ."

அண்ணன் தையல்காரன். வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டே பேசிப் பழகியவன் என்பதால் நீளமாகப் பேச மாட்டான். நாற்பத்தொரு வயதில், வீடு மாற்றித் தரும் கம்பெனியில் பதினோரு வருடம் மேற்பார்வை பார்த்த மனைவி, நாடகப் பள்ளியில் ஒரு வருடம் படிக்கப் போகிறேன் என்று வந்து நின்றால் அவனும்தான் என்ன சொல்வான்? 'எப்படியோ போ' என்றால் உன்னோடு மல்லுக்கட்ட என்னால் ஆகாது என்று அர்த்தம். அண்ணி முதல் சொல்லைக் காதில் வாங்காமல் இரண்டாவதை மட்டும் வாங்கிக்கொண்டாள். மறுநாளே விண்ணப்பம் போட்டுவிட்டாள்.

இதற்கெல்லாம் ஒரு வகையில் நான்தான் காரணம். அந்தப் பள்ளி அரங்கில் விளக்குகளை இயக்குவது என் வேலை. ஒருமுறை அங்கே வந்த நாடகக் குழுவின் சாமான்களை இறக்கும் வேலையை அவள் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்தேன். சோபாவை இறக்கிவிட்டு அவள் திரைக்குப் பின்னால் நின்று ஒத்திகை பார்த்தாள். நடிகர்களை அல்ல; ஓரத்தில் கறுப்புச் சட்டை போட்டு, காதில் ஹெட்செட்டும் மடியில் தடித்த ஃபைலுமாக உட்கார்ந்திருந்த ஒருத்தியை. அந்த மேடை மேலாளர் ஒரு சொல் சொன்னால் விளக்கு அணைந்தது, இன்னொரு முறை சொன்னால் மழை பெய்தது.

"நம்ம வீட்டுல நான் பத்து தடவை கத்தினாலும் ஒரு ஃபேனை நிறுத்த ஆளில்ல தம்பி" என்றாள் என்னிடம். அன்றைக்கே அவள் மனதில் முடிவாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

படிப்பில் பாதி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மேடை வரைபடத்தைப் பார்த்துத் தரையில் டேப் ஒட்டுவது, எந்தச் சாமான் முதலில் ஏற வேண்டும் என்று பட்டியல் போடுவது எல்லாம் பழைய தொழில்தான். மற்ற மாணவர்கள் வாசலையும் பீரோவையும் மாற்றி மாற்றி அளக்கும்போது இவள் தூரத்திலிருந்தே, "நேரா நுழையாது, சாய்ச்சா நுழையும்" என்பாள். அவளைவிடப் பத்து வயது சின்னவரான ஆசிரியை அதை நோட்டில் எழுதிக்கொள்வார்.

மிச்சப் பாதியில்தான் வந்தது வினை.

நாடகம் நடக்கும்போது, பன்னிரண்டாவது விளக்கு மாற்றம் வருகிறது என்றால் மேலாளர் ஹெட்செட்டில், "விளக்கு பன்னிரண்டு, தயார்" என்பார். நான் பட்டன் மேல் விரலை வைப்பேன். சரியான நொடியில் "போ" என்பார். அழுத்துவேன். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் விரல் மூளையைக் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. அதனாலேயே அந்த லைனில் இருக்கும் யாரும் வேறு எதற்காகவும் அந்தச் சொல்லை வாயில் எடுக்கக் கூடாது.

இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்த புண்ணியவான் தமிழ் பேசும் வீட்டில் ஒரு வேளையாவது சாப்பிட்டிருப்பானா என்று எனக்குச் சந்தேகம். கெட்டால் போச்சு, வயிறு நிறைந்தால் போதும், நம்பாவிட்டால் அட போப்பா, விட்டுக்கொடுத்தால் போகட்டும், செல்லம் என்றால் போடி. அண்ணியோ மூன்று சொல்லுக்கு ஒரு போ போடுகிறவள்.

முதல் ஒத்திகையில் கதாநாயகன் மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டு மேடைக்கு வந்தான். என் விரல் பட்டன் மேல் தயாராக இருந்தது. "போச்சு" என்றாள் அண்ணி. அழுத்தினேன். காதலைச் சொல்ல வந்தவன் அதை இருட்டில் சொல்லி முடித்தான்.

ஒலிக் கருவியில் இருந்தவர் அறுபதைத் தாண்டிய பெரியவர். அவரிடம் அண்ணிக்கு வேறு சிக்கல். நாலாவது மணியோசைக்கு, "மணி நாலு, தயாருங்க... போங்க" என்பாள். அவரும் மரியாதை தெரிந்தவர். அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பார். அதற்குள் நடிகை கதவைத் திறந்துவிட்டிருப்பாள். மணி பிறகு அடிக்கும்.

"அக்கா, மரியாதையைத் திரை விழுந்ததும் குடுத்துக்கலாம்" என்றார் ஆசிரியை.

"அவருக்கு எங்க அப்பா வயசு மேடம்."

"ஒருத்தர் பேசி முடிக்காம எப்படிம்மா அமுக்குறது?" என்று பெரியவரும் சேர்ந்துகொண்டார்.

ஒரு மாதம் இருவரையும் உட்கார வைத்துப் பழக்கினார் ஆசிரியை. கடைசியில் 'போ' என்று காதில் விழ ஆரம்பித்தாலே அமுக்கும் அளவுக்குப் பெரியவர் தேறிவிட்டார். அதனால் பின்னால் என்ன வரப்போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்.

வருடக் கடைசியில் பரீட்சை. பார்வையாளர்களை உட்காரவைத்து ஒரு முழு நாடகத்தை அவள் நடத்திக் காட்ட வேண்டும். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் ஹெட்செட் மாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். தேறினால், ஊர் ஊராகப் போகும் ஒரு குழுவில் வேலை காத்திருந்தது. தவறினால் மறுபடி ஒரு வருடம். கம்பெனி கொடுத்த விடுப்போ ஒரே வருடம்தான். ஆக, இல்லாவிட்டால் திரும்பவும் சோபா.

அண்ணி வீட்டில் தடையுத்தரவு போட்டாள்: போ என்று சொன்னவர் அன்றைய பாத்திரம் கழுவ வேண்டும். முதல் வாரம் முழுக்க அவளே கழுவினாள். பிறகு நாக்கு பழகியது. மகளைக் "கிளம்பு" என்று பள்ளிக்கு அனுப்பினாள். அவளும் வாசலில் நின்று "கிளம்பறேன்" என்றுதான் புறப்பட்டாள். நான் சும்மா இருப்பேனா? அவள் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா அண்ணி?" என்று தூண்டில் போடுவேன். "நிறைஞ்சிடுச்சு தம்பி" என்பாள், கண்ணை உருட்டி. நாலு நாள் தங்கிவிட்டுப் பையோடு எழுந்த எங்கள் அம்மாவிடம், "கிளம்புங்க அத்தை" என்று கைகூப்பினாள். "துரத்துறியா?" என்று கேட்ட அம்மா மூன்று நாள் போனை எடுக்கவில்லை.

பரீட்சை மதியம் நடந்தது. முதல் பாதி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு ஓடியது. இரண்டாம் பாதியில், அப்பா வேடக்காரர் கோபித்துக்கொண்டு பெட்டியோடு கதவைத் திறந்து வெளியேற வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து வாசல் மணி அடிக்க வேண்டும். "மணி ஏழு, தயார்" என்று அண்ணி சொல்லியிருந்தாள். நடிகர் கதவை இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். அசையவில்லை.

"போச்சு" என்றது ஒரு குரல்.

பெரியவர் அமுக்கிவிட்டார். உள்ளே ஒருவர் கதவோடு போராட, வெளியே ஆளே இல்லாமல் மணி அடித்தது. பார்வையாளர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

அந்தக் குரல் என்னுடையது. வருடம் முழுக்க அவளைக் கிண்டல் செய்த இதே வாயிலிருந்து வந்தது.

அண்ணியின் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "யாரும் பேச வேண்டாம். இடது ஓரத்துல நிக்கிற ஆளு, கதவு அடியில பிடிச்சிருக்கு. வெளியிலேர்ந்து கொஞ்சம் தூக்கித் தள்ளு." எத்தனை வீட்டுப் பீரோக்கதவைப் பார்த்தவள். ஓரத்தில் நின்ற உதவியாளர் தூக்கித் தள்ள, கதவு திறந்தது. நடிகரும் கெட்டிக்காரர், வெளியே எட்டிப் பார்த்து, "யாரையும் காணோம். என்னை வெளியே வரச் சொல்லித்தான் மணி அடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தார். கைதட்டல் எழுந்தது. "விளக்கு முப்பத்தொண்ணு, தயார்" என்றாள் அண்ணி. பிறகு, "போ." இந்த முறை என் விரல் ஒழுங்காக வேலை செய்தது.

திரை விழுந்ததும் தேர்வாளர் மேடைக்கு வந்தார். "லைன்ல ஒரு போச்சு கேட்டுச்சே, யாரு அது?"

"என் லைன்ல வந்தது எல்லாம் என் பொறுப்பு சார்" என்றாள் அண்ணி. "மார்க்கை என்கிட்டயே குறைச்சுக்குங்க."

நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் வேலை என் ஒரு சொல்லில் தொங்குகிறது என்று தெரிந்தும் சில நொடி ஊமையாக நின்றதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. பிறகு, "நான்தான் சார்" என்றேன்.

"தெரியும். ஆம்பளைக் குரலுக்கும் பொம்பளைக் குரலுக்கும் வித்தியாசம் தெரியாமலா ஹெட்செட் மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்?" என்றார் அவர். "அந்தம்மா என்ன சொல்றாங்கன்னு பார்த்தேன்." தாளில் ஏதோ எழுதி மடித்துக்கொண்டார்.

அண்ணி தேறிவிட்டாள். அந்த மாதம் முழுக்க யாரும் சொல்லாமலே நான் பாத்திரம் கழுவினேன்.

குழுவோடு இரண்டு மாதப் பயணம். வண்டி காலையில் வாசலுக்கு வந்துவிட்டது. அண்ணன் தைத்துக் கொடுத்த கறுப்புச் சட்டையில் நின்றாள். பென்சிலுக்கென்று தனியாக ஒரு பை வைத்துத் தைத்திருந்தான். பழக்கதோஷத்தில், "கிளம்பறேன்" என்றாள்.

"இரு" என்றான் அண்ணன். வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டான். "டேப்பு? பென்சிலு? மாத்திரை?"

"எடுத்தாச்சு. தயார்."

அம்மா அங்கே இருந்திருந்தால், 'போயிட்டு வான்னு சொல்லுடா' என்று அவன் தலையில் குட்டியிருப்பாள். இந்த முறை முன்னால் 'எப்படியோ' இல்லை.

"போ" என்றான்.

அண்ணி அந்த நொடியே படியிறங்கினாள்.