லைனிங்கைத் தொடவிடாத பாவாயி அக்கா

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாவாயி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் சேலத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் நின்று, சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் பரிசோதனை இருந்தது. பள்ளிக்கூடம் போன ஐந்து வருடத்தில் எதையும் மனப்பாடம் செய்யாதவன், ஐம்பத்திரண்டு வயதில் ஆரம்பித்திருந்தேன். கடைசி வரிக்கு வரும்போது போன் அடித்தது. அக்காவின் மகன் செந்தில். "அண்ணா, அம்மா போயிட்டாங்க. காத்தால டீ குடிச்சுட்டு உக்காந்தாங்க, அப்படியே சாஞ்சுட்டாங்க" என்றான். அட்டையை அங்கேயே விட்டுவிட்டு எருமப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். அடுத்த வாரம் பரிசோதனையில் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் வாசித்தேன், தோற்றேன். கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு போன பிறகுதான் லைசென்ஸ் கிடைத்தது. இதையும் அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எருமப்பட்டி லாரிக்காரர்களுக்கு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கணவர் போன பிறகு இரண்டு லாரிகளை வைத்து நடத்தியவர். நான் பதினான்கு வருடம் அவருடைய டிரைவர். அக்காவுக்கு லாரி ஓட்டத் தெரியாது. கேபினில் ஏறவே ஸ்டூல் வேண்டும். ஆனால் போனில் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே, "மூணாவது கியர்ல எதுக்குப் போட்டு இழுத்துட்டுக் கெடக்கற?" என்பார். ஸ்டூல் மேல் நிற்கிறவர் பேசுகிற பேச்சா இது என்று நான் கிண்டல் செய்வேன். சிரித்துக்கொண்டே திட்டுவார்.

இனி அந்த விபத்து. ஆத்தூரில் மக்காச்சோளம் ஏற்றியதும் பிரேக் இடது பக்கம் இழுப்பது தெரிந்தது. அக்காவுக்குப் போன் செய்தேன். வீட்டில் ஏதோ விசேஷம், அவசரத்தில் இருந்தார். "இந்த ஒரு நடை போயிட்டு வந்துரு சாமி, வந்து பாத்துக்கலாம்" என்றார். நானும் சரியென்று கிளம்பினேன். வாழப்பாடியைத் தாண்டி, மொபட்டில் ஒருவர் ரோட்டைக் கடந்தார். பிரேக்கை அழுத்தினேன். வண்டி நிற்காமல் இடது பக்கமாகத் திரும்பி அவர் மேல் போயிற்று. அவருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

லாரியை இழுத்துவந்து ரோட்டோரக் காலியிடத்தில் நிறுத்தியிருந்தார்கள். மறுநாள் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து ரிப்போர்ட் எழுத வேண்டும். அவர் எழுதுவதுதான் கோர்ட்டில் பேசும். அக்கா வந்திருந்தார். அதற்குள் அவருடைய கொழுந்தனார் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தேய்ந்துபோன பிரேக் லைனிங்கை எடுத்துவிட்டு வேறொன்றை மாட்டிவிட்டால் வண்டியில் குறையில்லை என்று ரிப்போர்ட் வரும், டிரைவர் கண்மூடித்தனமாக ஓட்டினான் என்று கேஸ் முடியும் என்பது அவர் கணக்கு. நான் பத்தடி தள்ளிப் புளிய மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கேட்கிறது என்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

"நம்ம மேல ஒண்ணும் வராதுங்கண்ணி" என்றார்.

"அப்ப தங்கராசு எங்க போவான்?" என்று அக்கா என்னைக் காட்டிக் கேட்டார்.

"அவனுக்கென்னங்க, நல்ல வக்கீலா வெச்சுக் குடுத்தறலாம்."

அக்கா கேபினிலிருந்து ஸ்டூலை இறக்கச் சொன்னார். முன் சக்கரத்தை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். "அவன் சொன்னான். நாந்தான் ஓட்டச் சொன்னேன். லைனிங்கத் தொட்டீன்னா ஸ்டேசன்ல உன்ற பேரையும் சேத்து எழுதிக் குடுத்துருவேன்" என்று மெக்கானிக்கைப் பார்த்துச் சொன்னார். மெக்கானிக் ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டார். இன்ஸ்பெக்டர் வரும்வரை அக்கா எழுந்திருக்கவில்லை. கொழுந்தனார் இரண்டு வருடம் அவரோடு பேசவில்லை.

கோர்ட்டிலும் மாற்றிச் சொல்லவில்லை. இப்படிச் சொன்னால் நஷ்டஈடு உங்கள் தலையில் விழும், தெரியுமா என்று இன்சூரன்ஸ் வக்கீல் கேட்டார். "தெரியுமுங்க. போன்ல அவன் சொன்னதும் தெரியும், நான் சொன்னதும் தெரியும்" என்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா தெரிஞ்சே வண்டிய எடுத்தது அவந்தானுங்க. அவன் மேலயும் தப்பிருக்குதுங்க" என்று முடித்தார். வெளியே வந்ததும், காப்பாற்ற வந்தீர்களா மாட்டிவிட வந்தீர்களா என்று கேட்டேன். "ரெண்டும் நெசந்தானே" என்றார். எனக்குச் சிறை இல்லை, அபராதத்தோடு போயிற்று. லைசென்ஸை ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். அக்கா ஒரு லாரியை விற்றார். கால் போனவரின் வீட்டுக்கு மூன்று முறை போனார். மூன்றாவது முறைதான் அவருடைய மனைவி கதவைத் திறந்தார். உள்ளே என்ன பேசினார்கள் என்று அக்கா சொன்னதில்லை. சாவுக்கு அவர்கள் வரவில்லை. வர வேண்டிய கடமையும் அவர்களுக்கு இல்லை.

மிச்சமிருந்த லாரிக்கு அதன்பிறகு ஒரு வழக்கம் வந்தது. வண்டி சரியில்லை என்று பட்டால் சாவியை அக்கா கையில் கொடுத்துவிட வேண்டும். ஏன், என்ன என்று கேட்கமாட்டார். "சாவிய எங்கைல குடுத்துட்டா நீ டிரைவரில்ல, விருந்தாளி. போயிச் சாப்புடு" என்பார். சில நாள் சாப்பாட்டுக்காகவே கொடுத்திருக்கிறேன் என்று இப்போது சொன்னால் யார் என்னை என்ன செய்ய முடியும்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான். காரியம் முடிந்த நான்காம் நாள் செந்தில் முட்டை லோடு ஏற்றி வைத்திருந்தான். பிரேக்கை மிதித்துப் பார்த்தேன், கால் கொஞ்சம் ஆழமாகப் போயிற்று. இறங்கி, சாவியை அவன் கையில் கொடுத்தேன். அவன் சாவியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் வேறு வண்டிக்குப் போன் செய்தான். லோடை மாற்ற வேண்டியிருந்தது. நானும் கை கொடுத்தேன். நான்கு டிரேயை ஒன்றாகத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் நூற்றிருபது முட்டையும் தரையில் உடைந்து கிடந்தன. செந்தில் வந்து எப்படி ஆயிற்று என்று கேட்டான். தரை நன்றாக இருந்தது, டிரேயும் நன்றாக இருந்தது, நான்தான் போட்டேன் என்றேன்.